சுவர்ப் பத்திரிகை: பதில் எழுதும் இடத்தை எங்கே வைப்பது?

தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையின் சுவர்ப் பத்திரிகையில், வாசகர் பதில் எழுதும் இடத்தை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்ததன் குறிப்பு. பலகை 4 அடிக்கு 3 அடி ஹாட்போட். 22க்கு 28 அங்குலப் பிரிஸ்டல் போட் இரண்டைப் பக்கத்தில் பக்கமாக ஒட்டினால், அடியில் 8 அங்குலப் பட்டை மிஞ்சும்.

அந்தப் பட்டையைப் பொதுப் பதில் இடமாக விட்டால் "நல்லம்", "சரிதான்" என்று விழுகிறது. எந்தக் கட்டுரைக்கு என்று தெரியாது. கட்டுரைகளுக்கு இலக்கம் போட்டாலும் எழுதுகிறவர் இலக்கத்தை எழுத மாட்டார். தலைப்புக்குப் பக்கத்தில் வைப்பது இன்னும் மோசம்: கட்டுரையை வாசிக்கும் முன்பே மற்றவர் கருத்தை வாசித்து, அதையே திருப்பி எழுதுகிறார்கள். தலைப்பின் கீழே, பதில் இடத்தைக் காட்டும் அம்புக்குறியும் "பதில் 3" என்ற எண்ணும் போதும்.

சரிவந்தது கட்டுரையின் கடைசி வரிக்கு நேர் கீழேதான். ஏ4 தாளை நான்காக வெட்டி, நாலைந்து துண்டுகளை அடுக்கி, மேல் விளிம்பில் மட்டும் குத்த வேண்டும். ஆனால் நீண்ட கட்டுரை முழங்கால் உயரத்தில் முடிந்தால் குனிந்து எழுத ஆளில்லை. பக்கத்தில் பக்கமாக இரண்டு பத்தியாகப் பிரித்து, இரண்டாவதைக் குட்டையாக விட்டால் முடிவு மேலே ஏறிவிடும். தரையிலிருந்து மூன்றரை முதல் நாலரை அடிக்குள் பெரியவர்களுக்குக் கை வசதி. சிறுவர் பக்கத்துக்கு மூன்று அடி.

குமிழ்முனைப் பேனை கட்டாதீர்கள். மை கீழ்நோக்கி இறங்கித்தான் குமிழுக்கு வரும். சுவரில் கிடையாகப் பிடித்து எழுதினால் சில வரிகளில் வற்றிவிடும். 2பி பென்சில்தான் சரி. அதன் பின்முனையில் பிளேடால் சுற்றிக் கீறி, அந்தப் பள்ளத்தில் நூலை முடிந்தால் கழராது. துண்டுக்குப் பின்னால் ரெஜிபோம் (மெத்தென்ற வெள்ளை நுரை அட்டை) இருந்தால் பென்சில் குத்தி ஓட்டை விழும்.

பென்சிலுக்கு இன்னொரு காரணம் ஈரம். இலங்கை மலையகத்தில் அட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவ மழையும் மூடுபனியும். தண்ணீர் மையில் எழுதினால் ஊறிப் பரவும். ஊவாப் பக்கத்தில் அந்த மாதங்கள் ஓரளவு காய்வு. அங்கே ஆண்டுக் கடைசி மழைக்குத்தான் பார்க்க வேண்டும். கோதுமை மாப் பசை பூஞ்சணம் பிடிக்கும். மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட்டால் தடுக்கலாம், ஆனால் அது நஞ்சு. பிள்ளைகள் கைபடும் இடத்தில் வேண்டாம். பதில் துண்டுக்குப் பசையே தேவையில்லை, பித்தளை முலாம் பூசிய குத்தூசி போதும். சாதாரண இரும்பு ஊசி துருப்பிடித்துத் தாளைக் கறையாக்கும்.

பலகை எங்கே என்பதும் முக்கியம். பிரட்டுக்களத்தை (காலையில் வேலைக்கு ஆட்களைக் கூட்டும் இடம்) நோக்கி வைத்தால் கங்காணி பார்க்கும் இடத்தில் யார் துணிந்து எழுதுவார்? கொழுந்து மடுவத்துப் (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) பக்கம் காத்திருக்கும் நேரம் கிடைக்கும், ஆனால் ஈரக்கை. கூரைத் தாழ்வாரத்தின் உட்சுவர்தான் நடுநிலை.

பதில் எழுத நூலில் தொங்கவிடும் கொப்பியையும் எடுத்துவிட வேண்டாம். அரைப் பக்கத்துக்கு மேல் எழுத நினைப்பவருக்கு அது வேண்டும். நிரம்பிய துண்டுகளை அதிலேயே ஒட்டி, கட்டுரை எழுதியவரின் மறுமொழியை அதன் கீழே சிவப்புப் பென்சிலால் எழுதலாம். பலகையில் எழுதி நிரம்பிய கடைசித் துண்டு ஒன்றை மட்டும் விட்டு வையுங்கள். வெறும் தாளில் முதல் ஆளாக எழுத எல்லோருக்கும் தயக்கம்.