ஆளில்லாத கொல்லைக்குத் தண்ணீர்

பிப்ரவரி 15, 2025

திருமயம் பக்கம் எங்கள் ஊர் வீடு. இனி மாதம் ஒருமுறை வந்தாலே பெரிய விஷயம். கார்த்திகை மழையில் வைத்த மா, நாரத்தை, கொய்யாக் கன்றுகள் வேர் பிடித்துவிட்டன. மண்ணில்தான் ஈரம் போய்விட்டது. இது செம்மண்ணும் சரளையும் கலந்த பூமி. குடம் குடமாக ஊற்றினாலும் மறுநாள் உச்சி வெயிலில் காய்ந்து கிடக்கும்.

கன்றுக்கு ஒரு பானை புதைக்கலாம் என்று பானை வனையும் வேளாரிடம் போனேன்.

“என்னத்துக்குத் தம்பி, தண்ணிப் பானையா?”

“கன்னுக்குப் புதைக்கணும்ங்க ஐயா.”

“அப்ப மணல் கூடச் சேத்தது தர்றேன். நல்லாக் கசியும்.”

பத்து லிட்டர் பிடிக்கிற பானைகள். பெயிண்ட், பளபளப்பு எதுவும் கூடாது. இரவு நீர் நிரப்பி வைத்தேன், காலையில் வெளிப்புறம் முழுக்க வியர்த்திருந்தது. அப்படி வியர்க்கிற பானைதான் இதற்கு ஆகும்.

பிப்ரவரி 16

கன்றிலிருந்து ஒன்றரை அடி தள்ளிக் குழி. வாய் மட்டும் மண்ணுக்கு மேலே. மண் காயக் காயப் பானையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், நனைந்ததும் கசிவு குறைந்துவிடும். எவ்வளவு வேண்டும் என்பதை மண்ணே தீர்மானிப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மூடி போட்டு, மேலே கல் வைத்தாயிற்று. மூடாவிட்டால் டெங்குக் கொசு அதில்தான் முட்டையிடும்.

பக்கத்து வீட்டு அத்தை வாரம் ஒருமுறை நிரப்புவதாகச் சொன்னார். தினமும் ஊற்றச் சொல்லி ஒருவரைக் கேட்க மனம் வராது. வாரத்துக்கு ஒரு நடை என்றால் உரிமையோடு கேட்கலாம்.

மார்ச் 8

எல்லாம் பச்சையாக இருக்கின்றன. வேறு குறிப்பு இல்லை.

ஏப்ரல் 5

மச்சான் வந்திருந்தார். பேட்டரி டைமர் மாட்டிச் சொட்டு நீர் போட்டுவிடு என்கிறார். ஆள் இருக்கிற தோட்டத்துக்கு அது நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் தொட்டி மூன்று மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. பத்து மீட்டர் இருந்தால்தான் ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். மின்காந்தத்தால் திறக்கும் சொலினாய்டு வால்வுகள் பல இந்தக் குறைந்த அழுத்தத்தில் சரியாக வேலை செய்யாது. மோட்டாரால் திருகித் திறக்கும் பால் வால்வு டைமர்தான் வாங்க வேண்டும். அப்புறம் போர் தண்ணீரின் உப்பு சொட்டுவாயை அடைக்கும், அணில் குழாயைக் கடிக்கும். ஒரு இணைப்பு கழன்றால் தொட்டியே காலி. அடுத்த மாதம் வரும்வரை கன்றுகளின் கதி என்ன? பானை உடைந்தால் ஒரு கன்றுக்குத்தான் பாதிப்பு.

மே 3

நாளை கத்திரி தொடங்குகிறது. அதனால் இன்று முழுக்க மூடாக்கு வேலை. வேப்பஞ்சருகு, வைக்கோல், காய்ந்த புல் எல்லாவற்றையும் பாத்தியில் நாலு விரற்கடை உயரம் பரப்பினேன். தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் விட்டேன். இங்கே கரையான் அதிகம்.

இளந்தென்னைகளுக்குப் பானை போதாது. சுற்றிலும் வாய்க்கால் மாதிரித் தோண்டி, தேங்காய் உரிமட்டைகளைக் குழிப்பக்கம் மேலே பார்க்க அடுக்கி மண் மூடினோம். மட்டை தன் எடையைப் போலச் சில மடங்கு நீரைப் பிடித்துவைக்கும். மட்கிப்போக ஆண்டுகள் ஆகும். தொட்டிச் செடிகளை வேப்பமர நிழலுக்கு நகர்த்தி நெருக்கி வைத்தேன். வெயிலில் நிற்கும் சின்னத் தொட்டியை எந்த உபாயமும் ஒரு வாரம் காப்பாற்றாது.

மே 31

கத்திரி கழிந்தது. நாரத்தையில் இலை ஓரம் கருகியிருக்கிறது, மற்றபடி எல்லாம் பிழைத்துவிட்டன. மாவில் செந்துளிர்! பார்த்ததும் அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“வாரத்துக்கு ஒருக்காத்தான்டா ஊத்துனேன். கொய்யாப் பானை மட்டும் கொறையவே மாட்டேங்குது, பாரு” என்றார்.

தோண்டி எடுத்தால் வெளியே வெள்ளையாக உப்பு படிந்திருந்தது. தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, ஊறவைத்து, திரும்பப் புதைத்தேன். மற்றவற்றையும் ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துத் தேய்க்க வேண்டியிருக்கும். ஐப்பசி மழைக்குப் பிறகு மாவின் பானையை இன்னும் ஒரு அடி வெளியே தள்ளிப் புதைக்கலாம் என்றிருக்கிறேன். வேர் அதற்குள் அவ்வளவு தூரம் ஓடியிருக்கும்.