ஜப்பான்ல கேட்ட எங்க பெரிய வெள்ளிப் பாட்டு

போன லெந்து நாட்கள்ல, அதாவது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துல, ஒரு ராத்திரி எல்லாரும் தூங்கின அப்புறம் ஹெட்போன மாட்டிக்கிட்டு ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கோட மத்தேயு பேஷன் (மத்தேயு சுவிசேஷத்துல வர்ற இயேசுவோட பாடுகளை இசையா எழுதினது) கேட்டுட்டு இருந்தேன், பாடினது பாக் கொலேஜியம் ஜப்பான்ங்கற ஜப்பான் இசைக்குழு, சும்மா கேப்போம்னுதான் ஆரம்பிச்சேன். கொஞ்ச நேரத்துல ஒரு சின்ன கோரஸ் பாட்டு வந்துச்சு, நிமிர்ந்து உக்காந்துட்டேன். இது எங்க பாட்டாச்சே! ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கும் மும்மணி ஆராதனைல எங்க சபைல பாடுற "இரத்தம் காயம் குத்தும்", அதே ராகம், வார்த்தை மட்டும் ஜெர்மன், பாடுறது ஜப்பான்காரங்க.

நான் லுத்தரன் சபைல வளந்தவன், தரங்கம்பாடி பக்கம். சின்ன வயசுல அத்தை மடில உக்காந்து ஆல்ட்டோ பார்ட், அதாவது ராகத்துக்குக் கீழ பொண்ணுங்க பாடுற குரல், கேட்டுக் கேட்டு ரொம்ப நாள் வரைக்கும் அதுதான் பாட்டோட ராகம்னே நெனச்சுட்டு இருந்தேன். அப்புறம் சபைப் பாட்டுக் குழுவான கொயர்ல என்னை டெனர்ல, அதாவது ஆண்கள் பாடுற மேல் குரல்ல, சேத்துக்கிட்டாங்க. ஞானப்பாட்டு வேற கீர்த்தனை வேறன்னு எங்க பக்கத்துல எல்லாருக்கும் தெரியும், கீர்த்தனை நம்ம ராகம் தாளத்துல போகும், ஞானப்பாட்டு ஜெர்மன்ல இருந்து ராகத்தோடவே வந்தது. 1706ல ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடில வந்து இறங்கினாரு, அவரும் அவருக்கு அப்புறம் வந்த பப்ரிசியஸ் மாதிரியானவங்களும் அந்த ஜெர்மன் பாட்டையெல்லாம் தமிழ்ல கொண்டு வந்தாங்க. அந்த நேரத்துல பாக் ஜெர்மனில இருபதை தாண்டின இளம் ஆர்கன் வாசிப்பாளர், யோசிச்சுப் பாருங்க. அவரு எந்தப் பாட்டுங்களை எடுத்து நாலு பார்ட்ல விரிச்சு எழுதினாரோ அதே பாட்டுங்க அதே நூற்றாண்டுலயே இங்க கடற்கரைல தமிழ்ல பாடப்பட்டுச்சு.

சரி, ஜப்பானுக்கு வரேன். மசாகி சுசுகி கோபே ஊர்க்காரர், 1954ல பிறந்தவர், பன்னிரண்டு வயசுலயே சர்ச்ல ஆர்கன் வாசிக்க ஆரம்பிச்சவர். டோக்கியோல படிச்சுட்டு ஆம்ஸ்டர்டாம் போயி டோன் கூப்மன்கிட்ட பியானோவுக்கு முந்தின காலத்து வாத்தியமான ஹார்ப்சிகார்ட் கத்துக்கிட்டு திரும்பி வந்து 1990ல இந்தக் குழுவை ஆரம்பிச்சாரு. கொயரும் இருக்கு, கூடவே பாக் காலத்து மாதிரி வாத்தியங்களோட ஒரு ஆர்கெஸ்ட்ராவும் இருக்கு, குடல் நரம்பு போட்ட வயலின், மரத்துல செஞ்ச புல்லாங்குழல். கொயர்ல ஒவ்வொரு பார்ட்டுக்கும் விரல் விட்டு எண்ணுற அளவு ஆளுங்கதான். தனியா பாடுறவங்களும் அவங்க பாட்டு முடிஞ்சதும் கோரஸோட நின்னு பாடிடுவாங்க, எனக்கு அது ரொம்பப் பிடிச்ச விஷயம். இளவரசி மோனோனோகே அனிமே படம் பாத்தவங்களுக்கு அதோட டைட்டில் பாட்டு பாடின யோஷிகாசு மேராவோட குரல் ஞாபகம் இருக்கும், அவரும் ஆரம்ப ரெக்கார்டிங்குல இவங்களோட பாடினவர்தான்.

1995 ஜனவரி 17 விடியக்காலைல கோபேல பெரிய நிலநடுக்கம், ஆறாயிரத்துக்கு மேல செத்துப் போனாங்க, ஊரே சரிஞ்சு போச்சு. அதே 1995ல அதே கோபேலதான், ஒரு பெண்கள் யுனிவர்சிட்டியோட சேப்பல்ல, பாக்கோட சர்ச் கான்டாட்டா (ஆராதனைல கொயரும் வாத்தியமும் சேந்து பாடுற பெரிய பாட்டு) எல்லாத்தையும் ரெக்கார்ட் பண்ற வேலைய ஆரம்பிச்சாங்க. எல்லாத்தையும்னா சுமார் இருநூறு. முதல் வால்யூம்ல மொத்தம் மூணு கான்டாட்டா, அதுல ஒண்ணு ஈஸ்டருக்கு எழுதின நாலாம் நம்பர் கான்டாட்டா, சாவோட கட்டுல கிறிஸ்து கிடந்தாருன்னு தொடங்குது. இடிஞ்சு போன ஊர்ல நின்னு அதைப் பாடினவங்க மனசு எப்படி இருந்திருக்கும்னு நெனைக்காம என்னால அந்த டிஸ்க்க கேக்க முடியல. 2013ல முடிச்சாங்க, 55 வால்யூம், பதினெட்டு வருஷம்!

இப்போ நான் சொல்ல வந்த விஷயம், அதாவது வார்த்தை. ஜப்பான் மொழில ன் தவிர வேற மெய்யெழுத்துல வார்த்தை முடியாது, ரெண்டு மூணு மெய்ய சேத்து உச்சரிக்கவும் வராது, நடுவுல ஒரு உயிரை நுழைச்சுடுவாங்க. கிறிஸ்து அவங்களுக்கு கிரிஸுதோ. நமக்கும் இதே கதைதானே, நாமளும் கடைசில ஒரு உகரம் போட்டு பஸ்ஸ பஸ்ஸுன்னும் வாசல் கேட்ட கேட்டுன்னும் சொல்றோம், எங்க தாத்தா ஸ்டேஷன இஸ்டேசன்னுதான் சொல்லுவாரு. நம்ம பெரிய வெள்ளிப் பாட்டோட ஜெர்மன் முதல் வரி "ஓ ஹவுப்ட்"னு ஆரம்பிக்கும், ஹவுப்ட்னா தலை. அந்த ப்ட் இருக்கு பாருங்க, ஜப்பான் நாக்குக்கு அது ஹவுபுதோ, நம்ம நாக்குக்கு ஹவுப்ட்டு. கொயர்ல இருக்கறவங்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும், ஒருத்தன் ட் முன்னாடி போட்டு ஒருத்தன் பின்னாடி போட்டா கூரைல கல்லு விழுந்த மாதிரி டட்டட்னு கேக்கும், அதனால உயிரை கடைசி வரைக்கும் இழுத்துப் பிடிச்சுட்டு அடுத்த தாளம் விழற இடத்துல எல்லாரும் ஒண்ணா மெய்ய வைக்கணும். அதுவும் எதிரொலி அதிகமா இருக்கற சேப்பல்ல மெய்ய கூர்மையா வைக்கலேன்னா வார்த்தை கரைஞ்சே போயிடும். இவங்க வைக்கற ட் ஒரே வாயிலிருந்து வர்ற மாதிரி இருக்கு, அதுக்கு முன்னாடி ஒரு துளி உகரம் இல்ல, பின்னாடியும் இல்ல. தாய்மொழில பாடுறவங்க கவனிக்காம தாண்டிப் போற எழுத்தைக்கூட இவங்க ஒவ்வொண்ணா தேடிக் கண்டுபிடிச்சு வச்சிருக்காங்கன்னு எனக்குத் தோணுது, அர்த்தம் தெரியாம அப்படி வைக்க முடியாது.

ஜப்பான்ல கிறிஸ்தவங்க நூத்துக்கு ஒருத்தர்தான் இருப்பாங்க, ஆனா வருஷா வருஷம் பெரிய வெள்ளிய ஒட்டி இவங்க பாக்கோட பேஷன் பாடுறாங்க, ஜனங்க வந்து உக்காந்து மணிக்கணக்கா கேக்கறாங்க. பாக் வேலை பாத்து செத்துப்போன லைப்சிக் நகரமே 2012ல சுசுகிக்கு பாக் மெடல் கொடுத்துச்சு. இவங்க ரெண்டாவது தடவை பண்ணின மத்தேயு பேஷன் ரெக்கார்டிங்குக்கு 2020ல கிராமபோன்ங்கற இசைப் பத்திரிகையோட அவார்டு, நான் அன்னிக்கு ராத்திரி கேட்டது அதுதான்.

எங்க பாட்டோட அந்த ராகம் மத்தேயு பேஷன்ல அஞ்சு தடவை வரும். முதல் ரெண்டு தடவை சுருதி மட்டும் மாறும், அதுக்கு அப்புறம் ஒவ்வொரு தடவையும் கீழ ஓடுற மத்த பார்ட்டுங்க மாறிடும். கடைசி தடவை இயேசு உயிர் விட்ட உடனே வருது, நான் ஒரு நாள் போகும்போது என்னை விட்டுப் போகாதேன்னு அர்த்தம். அவ்ளோ மெதுவா, அவ்ளோ சின்னதா பாடினாங்க, டெனர் பார்ட் ஒரு இடத்துல அரை சுரம் இறங்குது, நான் இத்தனை வருஷமா பாடின டெனர்ல அப்படி ஒரு எறக்கமே கிடையாது. அத்தை போயி நாலு வருஷம் ஆச்சு. அழுதுட்டேன்.

எங்க சபைல இப்போ கீபோர்டும் ஸ்பீக்கரும் வந்த அப்புறம் ஞானப்பாட்டை நாலு பார்ட்ல பாடுறதே குறைஞ்சு போச்சு, எல்லாரும் ராகத்தையே பாடுறாங்க, ஆல்ட்டோல ரெண்டே பேரு மிச்சம். இந்த வருஷம் பெரிய வெள்ளிக்கு கடைசி சரணத்தை மட்டுமாவது கீபோர்டை நிறுத்திட்டு நாலு பார்ட்ல பாடலாமான்னு எங்க சபை போதகர் ஐயர்கிட்ட கேட்டேன், சரி பாத்துக்கலாம் தம்பின்னாரு. முதல் வரில "குத்தும்" முடியற அந்த ம்மை எல்லாரும் ஒண்ணா மூடணும், நான் கேக்கறது அவ்ளோதான். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு பிராக்டிஸ்.