உருகிய ஐஸ் பொதியும் இல்லாத செல் கூட்டமும்

கும்பகோணத்தில் உள்ள எங்கள் ஆய்வகத்தில் ஃப்ளோ சைட்டோமீட்டர், அதாவது சாயமேற்றிய செல்களின் ஒளிர்வை லேசர் கொண்டு ஒவ்வொன்றாக அளக்கும் கருவி, கிடையாது. இரத்த மாதிரிகளுக்கு இங்கே சாயமேற்றி, திருச்சிக்கு எடுத்துச் சென்று அளந்து வர வேண்டும் என்பதால், சிறு பிழை நேர்ந்தாலும் ஒரு நாள் முழுவதும் வீணாகும்.

டி செல்கள் என்னும் நோயெதிர்ப்பு வெள்ளணுக்களை அவற்றின் மேற்பரப்பில் உள்ள சிடி3, சிடி4, சிடி8 என்ற புரதங்களைக் கொண்டு பிரித்தறிய வேண்டும். அந்தப் புரதங்களில் ஒட்டும் ஆன்டிபாடிகளாக, சிடி3-க்கு எஃப்ஐடிசி, சிடி4-க்கு பிஇ, சிடி8-க்கு பிஇ-சை7 ஆகிய ஒளிரும் சாயங்கள் இணைந்தவற்றைத் தேர்ந்தெடுத்திருந்தேன். முதல் இரண்டும் கையிருப்பில் இருந்தன. மூன்றாவதைத் தாங்கிய பொதி, மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் பிற்பகலில் கூரியர் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டிய பொருள் என்று எடுத்துச் சொல்லியும், நானே நேரில் வந்து பெற்றுக்கொள்கிறேன் என்று கேட்டும், "திங்கட்கிழமைதான் தர முடியும்" என்பதற்கு மேல் அங்கிருந்தவர் எதுவும் சொல்லவில்லை. கத்திரி வெயிலில் இரண்டு இரவுகள் கிடங்கில் கிடந்த பெட்டியைத் திறந்தபோது ஐஸ் பைகளில் தண்ணீர்தான் இருந்தது. குப்பியில் இருந்த திரவம் தெளிவாக இருந்ததால், கெடவில்லை என்று நம்பிவிட்டேன்.

சாயமேற்றுவதில் சிக்கல் எதுவும் இல்லை. மறுநாள் முதல் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருந்ததால், செல்களை அழியாமல் நிலைப்படுத்தும் பாராஃபார்மால்டிஹைடிலேயே இரவு முழுவதும் வைத்தேன். அது இரண்டாவது தவறு. திருச்சியில் கருவியை இயக்குபவர், ஒரு சாயத்தின் ஒளி இன்னொன்றின் அலைவரிசையில் கசிவதைக் கழிக்கும் ஈடுசெய் அளவுகளுக்குப் போன மாதத்தவையே போதும், அவற்றைப் புதிதாகக் கணக்கிட ஒரே ஒரு சாயம் மட்டும் சேர்த்த ஒற்றைச் சாயக் குழாய்களை ஓட்ட நேரமில்லை என்றார். நானும் வற்புறுத்தவில்லை.

திரையில் சிடி4, சிடி8 இரண்டையும் தாங்கிய செல்கள் பெருங்கூட்டமாகத் தெரிந்தன. ஆரோக்கியமானவர்களின் இரத்தத்தில் அத்தகைய செல்கள் மிகக் குறைவாகவே இருக்கும் என்று அறிந்திருந்தும், புதிதாக ஒன்றைக் கண்டுவிட்டோமோ என்ற மகிழ்ச்சியில் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் வரைபடத்தை நிதானமாகப் பார்த்தபோதுதான், அந்தக் கூட்டம் தனித் திட்டாக நிற்காமல் சாய்ந்த கோடாக நீள்வதும், சிடி8 ஒளி கூடக்கூட சிடி4 ஒளியும் கூடுவதும் கண்ணில் பட்டன.

பிஇ-சை7 என்பது இரண்டு சாயங்களின் இணைப்பு. லேசர் ஒளியை பிஇ உறிஞ்சி, அந்த ஆற்றலை சை7-க்குக் கடத்த, சை7 ஒளிர்கிறது. வெப்பம், வெளிச்சம், நீண்ட நேரம் பாராஃபார்மால்டிஹைடில் ஊறுவது ஆகியவற்றால் இந்த இணைப்பு சிதையும்போது பிஇ தானே ஒளிரத் தொடங்குகிறது. ஆன்டிபாடி சரியான செல்லில்தான் ஒட்டியிருந்தது; சிடி8 செல்களே சிடி4-ஐயும் தாங்கியவைபோல் வேடமிட்டிருந்தன.

பிரித்த குப்பியை மாற்றித் தர இயலாது என்று விற்பனையாளர் எழுதிவிட்டார். நிதியில் மிச்சமிருந்ததைத் திரட்டி, திங்கட்கிழமையே அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு புதிதாக வாங்கினோம். மேட்டூர்த் தண்ணீர் கும்பகோணத்தை எட்டிய வாரத்தில் மீண்டும் திருச்சிக்குச் சென்றபோது, ஒற்றைச் சாயக் குழாய்களை ஓட்டிய பிறகே மாதிரியைத் தருவேன் என்று உறுதியாக நின்றேன். கூடவே பழைய குப்பியால் சாயமேற்றிய குழாய் ஒன்றையும் ஓட்டினோம்: சிடி4 ஆன்டிபாடி துளியும் சேர்க்காத அந்தக் குழாய், பிஇ அலைவரிசையில் பளிச்சென்று ஒளிர்ந்தது. புதிய குப்பியில் அந்தச் சாய்ந்த கோடு இல்லை. இயக்குபவர் அந்த வரைபடத்தை அச்சிட்டுக் கருவியின் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொண்டார்.