ஏசியைக் கழற்றும் முன்

ஸ்பேனரோடு நேராக பைப்பைக் கழற்றப் போனார் மெக்கானிக்.

“அண்ணே, கேஸை வெளி யூனிட்டுக்குள்ளேயே இழுத்துப் பூட்டிட முடியாதா?”

“பம்ப் டவுனா? பண்ணிடலாமே!”

கேட்டால் செய்கிறார்கள். கேட்காவிட்டால் உஸ்ஸென்று காற்றில் போகிறது.

ஏசியை ஓடவிட்டு, ஆலன் கீயால் சின்ன வால்வை மூடினார். அழுத்தம் காட்டும் கேஜ் முள் மெல்ல இறங்கியது. பூஜ்யத்தை நெருங்கியதும் பெரிய வால்வையும் மூடி மெஷினை நிறுத்தினார். சில நிமிட வேலை, அவ்வளவுதான்.

பல ஏசிகளில் இருக்கும் ஆர்-410ஏ வாயு, நூறு ஆண்டு காலத்துக்குக் கணக்கிட்டால், கார்பன் டை ஆக்சைடைவிட 2,000 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். ஒரு கிலோ கசிந்தால் இரண்டு டன் கரியமில வாயுவுக்குச் சமம்! இவ்வகை வாயுக்களைக் குறைக்கத்தான் 2016-இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் நாடுகள் கூடி ஒப்புக்கொண்டன.

அப்புறம், புதிது வாங்குகிறவர்கள் ஸ்டிக்கரில் என்ன வாயு என்றும் பாருங்கள். ஆர்-32 என்றால் பாதிப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்.