மருமகன் கண்டுபிடித்த புது பேண்டு

அக்கா மகன் பிளஸ் டூ படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நிம்மதியாகக் காபி குடிக்க விடாமல் காதில் ஹெட்போனை மாட்டி, "மாமா, புது பேண்டு, கேளுங்க" என்றான். ரீல்ஸில் பிடித்ததாம். கேட்டால் 'லிட்டில் டார்க் ஏஜ்' பாட்டு.

"டேய், இது எம்ஜிஎம்டி. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே ஆல்பம் போட்டவங்க."

சமையலறையிலிருந்து அக்கா, "எம்ஜிஆர் பாட்டா? சத்தமா வைடா" என்றாள்.

பையன் நம்பவில்லை. முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. ஆண்ட்ரூ வான்வின்கார்டன், பென் கோல்ட்வாசர் இருவரும் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். 2005-இல் சின்ன லேபிளில் (பாட்டு வெளியிடும் கம்பெனி) ஒரு இபி, அதாவது சில பாட்டுகள் மட்டும் உள்ள குட்டி ஆல்பம்; அப்புறம் கொலம்பியா ரெக்கார்ட்ஸ் என்ற பெரிய கம்பெனி, 2007-இல் முதல் ஆல்பம். ராக் ஸ்டாராகி ஆட்டம் போட்டுச் சீரழிவதைக் கிண்டலடித்து எழுதிய 'டைம் டு பிரிடெண்ட்' ஹிட்டாகி, நிஜமாகவே ராக் ஸ்டார் ஆகிவிட்டார்கள். வாய்முகூர்த்தம்!

2009-இல் பிரான்ஸ் அதிபர் சார்க்கோசியின் கட்சி, இவர்களின் 'கிட்ஸ்' பாட்டை ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டது. வக்கீல் போய் நின்றதும் முதலில் நீட்டிய நஷ்டஈடு ஒரே ஒரு யூரோ. இத்தனைக்கும் இணையத்தில் பாட்டுத் திருடுபவர்களைப் பிடிக்க அப்போது சட்டம் கொண்டுவந்துகொண்டிருந்தது அதே கட்சிதான்.

"கெத்து மாமா. அப்புறம்?"

அப்புறம்தான் வம்பு. 2010-இல் இரண்டாவது ஆல்பம். பழைய மாதிரி குத்தாட்டம் போட ஒரு பாட்டுகூட இல்லை. ஒன்று மட்டும் 12 நிமிடம் ஓடும். "பன்னண்டு நிமிஷமா? முப்பது ரீல் பாத்துடலாமே!" என்றான். அன்று பாதி ரசிகர்கள் முகம் சுளித்ததும் கிட்டத்தட்ட இதற்காகத்தான். எனக்கோ அந்த ஆல்பம்தான் உயிர். 2013-இல் வந்ததில் இன்னும் கிறுக்கு ஜாஸ்தி. ஹிட்டைக் கண்டாலே ஓடுகிற ஆட்கள் என்று எல்லோரும் கைவிட்ட நேரத்தில், 2017-இல் போட்ட இந்த 'லிட்டில் டார்க் ஏஜ்' மூன்று வருடம் கழித்து வீடியோக்காரர்கள் கையில் சிக்கி, என் மருமகன் வரை வந்துவிட்டது. அதற்குள் இவர்கள் பெரிய கம்பெனிக்கே கும்பிடு போட்டுவிட்டார்கள். 2024-இல் 'லாஸ் ஆஃப் லைஃப்' வெளியானது மாம் பிளஸ் பாப் என்ற சுயேச்சை லேபிளில்.

கரண்டியோடு அக்கா வந்து நின்றாள். "நீயும் காலேஜ்ல கீபோர்டு வேணும்னு சாப்பிடாம கெடந்தியே. பரண்லதான் இருக்கு. எடைக்குப் போட்டுடவா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பையன் ஸ்டூலைத் தேடிப் போய்விட்டான்.