கப்பலின் கசடு எண்ணெயைக் கரையிறக்கிய அனுபவம்

தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் கப்பல் முகவர் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். இந்தோனேசியாவிலிருந்து நிலக்கரி ஏற்றி வந்த ஒரு கப்பலின் ஸ்லட்ஜை, அதாவது எரிபொருளைத் தூய்மைப்படுத்தும்போது பிரியும் கசடு எண்ணெயை, முதன்முறையாகத் தனிப்பொறுப்பில் இறக்கியதை இங்கே எழுதுகிறேன்.

வந்து சேர்வதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே அனுப்ப வேண்டிய கழிவு அறிவிப்புப் படிவத்தில், தொட்டியில் 18 கன மீட்டர் கசடு இருப்பதாகக் கப்பல் தெரிவித்திருந்தது. அந்த எண்ணை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாளொன்றுக்கு 28 டன் கனரக எரிபொருள் எரிக்கும் கப்பலில், அதில் ஒன்றரை விழுக்காடு கசடாகப் பிரிகிறது என்று கொண்டால் 0.42 டன் சேரும். கடைசியாக இறக்கி 43 நாள்கள் ஆகியிருந்ததால், அறிவித்த அளவு ஏறத்தாழப் பொருந்தியது. மிகக் குறைவாக வந்திருந்தால்தான், வழியில் கடலில் கொட்டியிருப்பார்களோ என்று கவலைப்பட்டிருப்பேன்.

துறைமுகத்தின் அனுமதியும் சுங்கத்துறையின் அனுமதியும் சிக்கலின்றிக் கிடைத்தன. கசடை எடுத்துச் செல்லும் நிறுவனத்துக்கு, 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளித்த அங்கீகாரம் காலாவதியாகவில்லை என்பதையும் நானே பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

குழாய் இணைப்பில் சிரமமே இல்லை. கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுப்பதற்கான பன்னாட்டு மார்போல் உடன்படிக்கை, இதற்கான ஃபிளாஞ்சுக்கு, அதாவது குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் வளையத்துக்கு, ஓர் அளவை வகுத்திருக்கிறது: வெளிவிட்டம் 215 மில்லிமீட்டர், 183 மில்லிமீட்டர் வட்டத்தில் ஆறு போல்ட் துளைகள். எந்த நாட்டுக் கப்பலும் எந்தத் துறைமுகத்திலும் கழிவைக் கொடுக்க வழிசெய்யும் அந்த ஃபிளாஞ்சின் மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு. தளத்தின் வடிகால் துளைகளை அடைத்து, இணைப்பின் அடியில் தட்டு வைத்து, மரத்தூள் மூட்டைகளையும் அருகில் வைத்த பிறகு பம்பை ஓட்டினோம்.

11 கன மீட்டர் இறங்கியதும் பம்ப் இழுக்கவில்லை. தொட்டியை நீராவியால் சூடேற்றும்படி முதல் நாளே கப்பலுக்கு எழுத நான் தவறியிருந்தேன். ஆறிய கசடு கூழாக இறுகிவிட்டது. லாரியுடன் வந்த மேற்பார்வையாளர், "ரசீதில் 18 என்றே போட்டுத் தந்துவிடுகிறேன் சார், கப்பல் புறப்படட்டும்" என்றார். களைத்திருந்த தலைமைப் பொறியாளரும் மறுப்பேதும் சொல்லவில்லை.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. ரசீதில் 18 என்று எழுதிவிட்டால், தொட்டியில் மிஞ்சிய ஏழு கன மீட்டரும் காகிதத்தில் இல்லாத எண்ணெயாகிவிடும். அடுத்த துறைமுகத்தில் ஆய்வாளர் தொட்டிக்குள் அளவுநாடாவை இறக்கினால் கப்பல் மாட்டிக்கொள்ளும். அந்த அச்சத்தாலேயே இரவோடு இரவாக அது கடலில் கொட்டப்படவும் கூடும். எங்கள் துறைமுகத்திலிருந்து இராமேசுவரம் வரை மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் பவளப்பாறைகளோடு நீண்டு கிடக்கின்றன. என் தந்தை அந்தக் கடலில் சங்கு குளித்தவர். எண்ணெய் படர்ந்த நீரில் மூழ்கி எழுந்த நாள்களில் கண் எரிச்சலோடு வீடு திரும்புவார். இத்தனையையும் தலைமைப் பொறியாளரிடம் விளக்க எனக்கு ஆங்கிலம் போதவில்லை. கசடு எவ்வளவு, எங்கே போனது என்பதைக் கப்பலில் எழுதிவைக்கும் எண்ணெய்ப் பதிவேட்டைத் திறந்து, அவர் கையெழுத்திட வேண்டிய இடத்தையும் பக்கத்தின் அடியில் கப்பல் தலைவர் கையெழுத்திட வேண்டிய இடத்தையும் காட்டினேன். அந்தப் பதிவேடு கடைசிப் பதிவுக்குப் பிறகும் மூன்று ஆண்டுகள் கப்பலில் இருந்தாக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். உடனே நீராவியைத் திறக்கச் சொன்னார்.

நிலக்கரி இறக்கி முடிய இன்னும் ஒரு நாள் இருந்தது எங்களுக்கு உதவியது. இரவு முழுவதும் சூடேற்றிய கசடு, மறுநாள் பிற்பகல் இரண்டாவது லாரியில் தடையின்றி இறங்கியது. உறிஞ்ச முடியாமல் அடியில் நின்ற அரை கன மீட்டரை மீதம் என்றே பதிவேட்டில் எழுதினார்கள். ரசீதில் 17.5 என்று எழுதி, லாரிகளின் எடைமேடைச் சீட்டுகளை அடர்த்தியால் வகுத்துச் சரிபார்த்த பிறகே நான் கையெழுத்திட்டேன். இரண்டாவது லாரிக்கான கூடுதல் செலவைக் கப்பல் உரிமையாளரிடம் கேட்டு எழுதிய கடிதத்தில், சூடேற்றச் சொல்லாதது என் பிழை என்பதையும் குறிப்பிட்டேன்.

அதன் பின்னர் இறக்கிய ஒவ்வொரு கப்பலுக்கும், அறிவிப்புப் படிவம் கேட்டு அனுப்பும் கடிதத்திலேயே சூடேற்றும் நேரத்தையும் எழுதிவிடுகிறேன். சில வாரங்கள் கழித்து, கசடு மறுசுழற்சி ஆலையை அடைந்ததைக் காட்டும் படிவம் 10இன் நீலப் படி எங்கள் கோப்புக்கு வந்து சேர்ந்தது. இரண்டு லாரிகளின் எடையும் அதில் சரியாகவே இருந்தன.