சூடான டயரில் காட்டும் அழுத்தமே கணக்கு

டிராக்கில், அதாவது பந்தயத் தடத்தில், ஓட்டுவதற்கென மென்மையான ரப்பர் டயர்களை முதன்முறையாக மாட்டுபவர்கள் பெரும்பாலும் கேட்பது, காலையில் எத்தனை பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) காற்று பிடிக்க வேண்டும் என்பதைத்தான். அதைவிட முக்கியமானது, கார் டிராக்கிலிருந்து வெளியே வந்தவுடன் டயருக்குள் எத்தனை இருக்கிறது என்பதே என்று நான் உறுதியாக நம்புகிறேன். டயர் சூடான பிறகுதான் முழுப் பிடிமானம் தருகிறது. அந்த நிலையில் சரியான அழுத்தம் இருக்க வேண்டும் என்பதற்காகவே காலையில் அதற்கேற்பக் குறைத்து வைக்கிறோம்.

30 டிகிரி செல்சியஸில் 28 பி.எஸ்.ஐ. காட்டும் டயரின் உட்காற்று 80 டிகிரியை எட்டினால், டயரின் கொள்ளளவு மாறவில்லை என்று கொள்ளும்போது, கேஜ் (அழுத்தம் காட்டும் கருவி) சுமார் 35 காட்டும். உள்ளே ஈரம் இருந்தால் ஏற்றம் இன்னும் கூடும். நைட்ரஜன் நிரப்புவதன் முக்கியப் பயனும் அது உலர்ந்த வாயு என்பதுதான். நன்றாக உலர்த்திய காற்றும் ஏறத்தாழ அப்படியே நடந்துகொள்ளும்.

நான்கு டயர்களும் ஒரே அளவு சூடாவதில்லை. வலப்பக்க வளைவுகள் மிகுந்த டிராக்கில் இடப்பக்க டயர்களே அதிகச் சுமை தாங்குகின்றன என்பதால், அவற்றைக் காலையில் சற்றுக் குறைந்த அழுத்தத்தில் தொடங்கினால்தான் சூடான பிறகு இரு பக்கமும் சமமாக வரும். நிறுத்தியிருக்கும் காரின் ஒரு பக்கத்தில் வெயில் விழுந்தாலே அந்தப் பக்க அளவு உயர்ந்துவிடும். காலை அளவை நிழலில் எடுப்பது நல்லது. பிட்டுக்கு (டிராக்கை ஒட்டி கார்களைக் கவனிக்கும் இடத்துக்கு) திரும்பியதும், அதிகம் உழைத்த டயரில் தொடங்கி, தாமதிக்காமல், எப்போதும் ஒரே கேஜால் அளக்க வேண்டும். கேஜுக்குக் கேஜ் அளவு மாறுவதால், பிறரிடம் கடன் வாங்கியதில் பார்த்த எண்ணை நம் குறிப்பேட்டில் சேர்க்கக் கூடாது.

அழுத்தம் சரிதானா என்பதை ரப்பரிடமே கேட்க வேண்டும். ஊசி வகைப் பைரோமீட்டரை (வெப்பநிலை அளக்கும் கருவி) டிரெட்டின், அதாவது தரையைத் தொடும் ரப்பர் பரப்பின், உள் ஓரம், நடு, வெளி ஓரம் என மூன்று இடங்களில் சில மில்லிமீட்டர் ஆழத்துக்குச் செருகிப் பார்க்கும்போது, நடுப்பகுதி மட்டும் அதிகம் சூடாக இருந்தால் காற்று கூடுதல் என்றும், இரு ஓரங்களும் நடுவைவிடச் சூடாக இருந்தால் காற்று குறைவு என்றும் பொருள். நெகட்டிவ் கேம்பர் வைத்த காரில், அதாவது சக்கரங்களின் மேற்பகுதி உள்நோக்கிச் சாய்ந்த காரில், உள் ஓரம் சற்றுச் சூடாக இருப்பது இயல்பே. ஆனால் வெளி ஓரமே அதிகச் சூடாகி, தேய்மானம் பக்கச்சுவர் வரை இறங்கினால், கேம்பர் போதவில்லையா, காற்று போதவில்லையா என்று இரண்டையும் பார்க்க வேண்டும். காற்றைக் கூட்டிக் கூட்டிக் கேம்பர் குறையை மறைப்பது டயரை வீணாக்கும் வழி.

தேய்மானத்தைக் கண்ணாலும் விரலாலும் படிக்கலாம். போதிய சூடு ஏறாத ரப்பர் வழுக்கும்போது, அழிப்பான் தேய்த்த துகள்களைப் போல மேற்பரப்பில் சிறு சுருள்கள் திரளும். அளவுக்கு மீறிச் சூடேறினால் ரப்பருக்குள் கொப்புளம் உண்டாகி, பின்னர் அந்த இடம் பெயர்ந்து குழியாகும். முதலாவது குறை, வேகத்தைச் சீராகக் கூட்டும்போது பெரும்பாலும் சரியாகிவிடும். இரண்டாவது சரியாகாது, அந்த டயரை மாற்றிவிட வேண்டும்.

டிரெட் மீதமிருந்தாலும் ரப்பர் இறுகிவிடக்கூடும். ஒவ்வொரு முறை சூடாகிக் குளிரும்போதும் பிடிமானம் சிறிது குறைகிறது. ஆகவே டயர் எத்தனை முறை சூடாகிக் குளிர்ந்தது என்பதையும் குறித்து வைப்பது தேவை. சுழலும் திசையோ உள்-வெளிப் பக்கமோ குறிக்கப்படாத டயர்களை, ஒரு ஓரம் பாதி தேய்ந்த நிலையில் ரிம்மில் திருப்பி மாட்டினால் ஆயுள் கணிசமாக நீளும்.

அதே டயர்களில் சாலையில் திரும்புபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. பகலில் சூடான டயரிலிருந்து இறக்கிய காற்று, குளிர்ந்த பிறகு பெரும் பற்றாக்குறையாகத் தெரியும். புறப்படும் முன் டயர் ஆறியதும் சாலைக்குரிய அளவுக்கு மீண்டும் காற்று பிடிக்க வேண்டும்.